மொழி: பிற

சோமனூரில் என் அறைக்கு ஜன்னல் கிடையாது.
சுவர் முழுக்கப் பஞ்சு, அதன்மேல் துளையிட்ட பலகை.
தறிக்காரர்கள் வந்து ஹெட்போன் மாட்டி உட்காருவார்கள்.
சத்தம் கேட்டா பட்டனை அமுத்துங்க என்பேன்.
நாலாயிரம் ஹெர்ட்ஸ் வரும்போது
ஒருத்தரும் அமுத்துவதில்லை.
எல்லார் வரைபடத்திலும் அந்த இடத்தில்
ஒரே கிணறு.

அன்று வெள்ளியங்கிரிக்கு முந்தின டோக்கன்
சிஸ்டர் ஒலிந்தா.
கருமத்தம்பட்டி மடம்.
மதிலுக்கு அந்தப் பக்கம் நாற்பது தறி.
"எடது காதுல சில்வண்டு ஒண்ணு
குடி வந்துருச்சுங்க" என்றார்,
பத்தே மாதத்தில் எங்கள் 'ங்க'வைக்
கச்சிதமாக ஒட்டவைத்து.

சுருதிச் சோதனை முடிந்தது. இனிச் சொற்சோதனை.
அதைத் தாய்மொழியில்தான் வைக்க வேண்டும்.
என் பட்டியலில் இருப்பது பந்து, வண்டி, கதவு, மாடு.
கம்ப்யூட்டர் கேட்டது: மொழி?
தமிழ் தெலுங்கு மலையாளம் கன்னடம் இந்தி
அதற்கும் கீழே, பிற.

"மக்கசாய்" என்றார்.
கிழக்குத் திமோர். மத்தெபியான் மலையடி.
லட்சம் பேர் பேசுவாங்க, கொஞ்சம் மேலயே இருக்கும்.
சரி, சொல்லுங்க, நானே பட்டியல் போடுகிறேன்.

அத்த, நெருப்பு.
இர, தண்ணீர்.
வாசலில் நின்ற டாக்டர் தீர்த்தகிரி துள்ளினார்:
"ஈரம்! பாத்தீங்களா, நம்ம சொல்லு!"
சிஸ்டருக்குச் சிரிப்பு.
"இல்லைங்க டாக்டர்.
தீவுல முக்காவாசி மொழியோடயே
எங்களுக்கு ஒறவு கெடையாது.
ஒறவுக்காரங்க பப்புவாப் பக்கம், கடல் தாண்டி."
டாக்டர் அடுத்த நோயாளியைப் பார்க்கப் போனார்,
ஈரத்தை விட மனசில்லாமல்.

மூன்றாவது சொல்: போ.
நான் கேட்டபடி 'லா' என்று எழுதினேன்.
அவர் பேனாவை வாங்கி அடித்தார்.
"நடுவுல ஒரு எழுத்து இருக்குங்க."
எங்கே?
"கேக்காது. தொண்டைய மூடித் தெறக்கணும்."

பதினெட்டு வருஷமாகக் காதுகளை அளக்கிறேன்.
கேளாத இடத்துக்கெல்லாம் சிவப்புப் புள்ளி வைத்திருக்கிறேன்.
சத்தம் நிற்பதற்கென்றே
ஓர் எழுத்து வைத்துக்கொண்டவர்களை
நான் கண்டதில்லை.
வேறு வழி தெரியாமல் ஃ போட்டேன்: லஃஅ.

அப்போது கரண்ட் போனது.
இந்த அறைக்குள் தறிச் சத்தம் வராது,
ஆனால் தரை எப்போதும் லேசாக நடுங்கும்.
நின்றது.
ஊர் மொத்தமும் மூச்சை ஒருகணம் பிடித்தது
பாதத்தில் தெரிந்தது.
இருட்டில் அவர் குரல்:
"இதுதாங்க அந்த எழுத்து."
ஜெனரேட்டர் இருமி எழுந்தது.

பிறகு ஃபி. அதற்கும் அதே மூன்று புள்ளி;
பாவம் ஆய்தம், இரண்டு வேலை.
"ஃபின்னா நாம. உங்களையும் சேத்து.
உங்களச் சேக்காட்டி இனி.
எங்க இத்தாலி மதருக்கு இது ஒரு மாசம் வெளக்கியும் ஏறல.
உங்க ஊர்ல வெளக்கவே வேண்டாம்."
இனியா என்றேன்.
ஆமாங்க, நாங்க.

ஆவணியில் ரிப்போர்ட் வாங்க வந்தார்.
கூட இரண்டு சிஸ்டர்கள், மூன்று பெட்டி,
வெளியே ஆட்டோ காத்திருந்தது.
காது பரவாயில்லை, கிணறு இன்னும் வெட்டப்படவில்லை.
வாசற்படியில் நின்று சொன்னார்:
இனி லஃஅ.
நாங்க போறோம் என்பது புரிந்தது.
ஆனால் என் காது அதை
இனி என்று எடுத்துக்கொண்டது,
எடுத்ததைத் திருப்பித் தரவும் இல்லை.

பெஞ்சில் வெள்ளியங்கிரி, கருவி மாட்டிப் பார்க்க வந்தவர்.
முப்பது வருஷம் தறி.
உதட்டைப் பார்த்தே ஊர் நியாயம் பேசுவார்.
"அந்தம்மா கடைசியா ஏதோ சொல்லுச்சே" என்றார்
தேவைக்கு மேலே சத்தமாக.
"சொல்லுக்கு நடுவால
தொண்டக்குழி ஒருக்கா சாத்தித் தெறந்துச்சுங்க.
அது என்ன எழுத்து?"

நான் பட்டியலைத் திறந்தேன்.
பதினாறு சொற்கள்.
ஹெட்போனை அவர் காதில் மாட்டவில்லை.
நேர் எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்து
என் கழுத்தைக் காட்டிச் சொன்னேன்,
ல